நாச்சி வரவே இல்ல

ஏம்மா, அந்த போன் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கிறியா? ஐயோ, விளையாட வேண்டாம்னு சொல்லல, நீ பாட்டுக்கு விளையாடு. அந்தப் பொம்பள கத்துறா பாரு, அம்பு பட்டதும், அது மட்டும் காதுல விழாம இருந்தாப் போதும். தலவலியெல்லாம் இல்ல. அந்த மாதிரி நானும் நிறையத் தடவ செத்திருக்கேன், அதான்.

சிரிக்கிறியே. நெசமாத்தான் சொல்றேன். உன் போன்ல வர்ற மாதிரிதான் ஒரு கேம். அதுக்காக மலையிலருந்து விழுந்து செத்திருக்கேன், தண்ணில முங்கிச் செத்திருக்கேன், சுறா கடிச்சு, தீப்பிடிச்சு, பசியில, எல்லா விதமாவும். ஒரு சின்ன ரூம்புல, மைக் முன்னால, செருப்ப வெளிய கழட்டி வெச்சுட்டு. அந்த கேம் வரவே இல்ல. செத்தது மட்டுந்தான் மிச்சம்.

நான் டப்பிங் ஆர்ட்டிஸ்டும்மா. சாலிகிராமத்துல இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரு ஜெசிந்தா. உனக்குத் தெரிஞ்சிருக்காது, யாருக்கும் தெரியாது. படத்துல எழவு வீடு வந்தா, அழுற கூட்டத்துல ஒருத்தி நான். சந்தைன்னா கூவுறவ. ஆஸ்பத்திரின்னா ‘டாக்டர் வந்துட்டாரு’ன்னு ஓடியாற நர்ஸ். அவ்வளவுதான். ஏன் அவ்வளவுதான்னா, ஊர் தூத்துக்குடிப் பக்கம் மணப்பாடு, கடக்கரை. நாலு வார்த்த சேந்தாப்புல பேசினா ஊர் இழுவ வந்துரும். ‘ஜெசிந்தா மேடம், அந்தத் தூத்துக்குடிய வெளிய விட்டுட்டு வாங்க’ம்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். என்ன செய்ய?

தில்லைன்னு ஒருத்தி. தில்லைநாயகி. அவளும் டப்பிங்தான். நானும் அவளும் பத்து வருஷமா ஒரே ஸ்கூட்டில போவோம் வருவோம். அவதான் ஓட்டுவா, எனக்கு பயம். வேலைன்னு யாராவது அவளக் கூப்பிட்டா, ‘கூட ஜெசியும் இருக்கா சார்’ம்பா. எனக்கு வந்த வேலயில பாதி அவ சொல்லி வந்ததுதான். அத நான் மறுக்கல. இன்னைக்கும் மறுக்கல.

ஒருநாள் அவளுக்கு ஒரு போன். பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனி, கேம் செய்றாங்க, தமிழ்லயே. பெரிய கேம், கதாநாயகி பொம்பள, அதுக்குக் குரல் வேணும். இவ ஒரு தடவ போய்ப் பேசிக் காட்டிட்டு வந்துட்டா, அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு, ரெண்டாவது தடவ கூப்பிட்டாங்க. ‘கண்ணாடிக் கட்டடமா இருக்குடி, உள்ள எல்லாம் சின்னப் பசங்க, இங்கிலீஷ்ல பேசுறாங்க. துணைக்கு வாயேன்’னா. போனேன். துணைக்குத்தான் போனேன், அத நல்லா கேட்டுக்க.

அவ உள்ள இருக்கா. நான் வராந்தாவுல உக்காந்திருக்கேன். அப்பப் பாத்து கேஸ் ஏஜென்சிக்காரன் போன் பண்றான். என் சிலிண்டர எதிர்வீட்டுக்காரங்களுக்கு இறக்கிட்டானாம். எனக்குக் கோவம் வந்தா ஊர்ப்பேச்சுதான் வரும். ‘எலேய், எவம்ல என் சிலிண்டரத் தூக்கிக் குடுத்தது? நான் என்ன செத்தா போயிட்டேன்?’னு ஆரம்பிச்சேன் பாரு, அந்தக் கட்டடமே திரும்பிப் பாத்துச்சு. போன வெச்சுட்டு நிமிந்தா, முன்னால ஒரு தம்பி நிக்கிறான். ஒல்லியா, கண்ணாடி போட்டு, தாடி ஒழுங்கா மொளைக்கல. நிகிலன்னு பேரு. அவன்தான் அந்தக் கம்பெனியே. ‘அக்கா, இதையே உள்ள வந்து ஒரு தடவ பேசுறீங்களா?’ன்னான்.

இருபது வருஷத்துல மொதத் தடவயா ஒருத்தன் என் ஊர்ப்பேச்சோட என்னக் கேக்குறான். உள்ள கூப்பிட்டாங்க, போனேன். தில்லை அப்ப வெளிய வந்துட்டு இருந்தா.

அப்புறம் என்ன? எனக்கே குடுத்துட்டாங்க. நான் கேட்டேனா? அவங்களாக் குடுத்தாங்க. தில்லைக்கு அவங்க போன்ல சொல்லியிருக்காங்க, அதுக்கப்புறம் அவ ஸ்கூட்டி எங்க தெருப்பக்கம் வரல. நானும் பாத்தேன், ரெண்டு வாரம். அப்புறம் ஆட்டோவுல போக ஆரம்பிச்சுட்டேன். பொறாமைம்மா. தொழில்ல ஒருத்தி மேல வந்தா இன்னொருத்திக்குப் பொறுக்காது. பழகின பழக்கமெல்லாம் அவ்வளவுதான்.

கேமோட பேரு ‘நெய்தல் நாச்சி’. நாச்சி ஒரு கடக்கரைப் பொம்பள. அவ அப்பன் விட்டுட்டுப் போன தோணி ஒண்ணுதான் அவளுக்குச் சொத்து. ஒருநாள் விடியிறப்போ பாத்தா தோணியக் காணோம், எவனோ அவுத்துட்டுப் போயிட்டான். அவ தீவு தீவாத் தேடிப் போறா. அவதான் நான். விளையாடுறவங்க யாரா இருந்தாலும் நாச்சியாத்தான் நடக்கணும், நீந்தணும், சண்டை போடணும். அவ மூச்சு வாங்குனா அது என் மூச்சு.

சினிமா டப்பிங் மாதிரி இல்லம்மா. சினிமாவுல வாயசைப்பு இருக்கும், பாத்துப் பேசலாம். இதுல ஒண்ணும் இருக்காது. ‘அக்கா, இப்ப நீங்க பாறையில ஏறுறீங்க, கை வழுக்குது’ம்பான். நான் ஏறணும். ‘துடுப்புப் போடுறீங்க, களைச்சுட்டீங்க, ஆனா நிறுத்த முடியாது.’ நான் போடணும். சாவு இருக்கே, அதத்தான் விதவிதமாக் கேட்டான். ‘இன்னொரு சாவு குடுங்கக்கா, இது கொஞ்சம் சோகமாயிருச்சு’ம்பான். தொண்ட கிழிஞ்சு வீட்டுக்குப் போவேன். எங்க வீட்டுக்காரர் சேவியர் வெந்நீர் போட்டு வெச்சிருப்பார். ‘இன்னைக்கு எப்படிச் செத்த?’ன்னு கேப்பார்.

ஆனா சந்தோஷமா இருந்தேன். பொய் சொல்லக் கூடாது. வசனத்த அவங்க ஒரு மாதிரி எழுதி வெச்சிருப்பாங்க, நான் பாத்துட்டு, ‘தம்பி, எங்க ஊர்ல இப்படிச் சொல்ல மாட்டாங்க’ம்பேன். ‘எப்படிச் சொல்வாங்க?’ம்பான். சொல்வேன். உடனே மாத்திருவான். ‘நீங்கதான்க்கா நாச்சி’ம்பான். எனக்குத் தம்பி கிடையாது. இவனத் தம்பியாத்தான் நெனச்சேன். ஞாயித்துக்கிழம மீன் குழம்பு வெச்சா ஒரு தூக்குவாளில அவனுக்கும் போகும்.

ஒருநாள் பெரிய டிவில கடலக் காட்டினான். ‘எப்படியிருக்கு?’ன்னான். நான் ஒளிச்சுப் பேசத் தெரியாதவ. ‘இது கடலா? தண்ணித்தொட்டி மாதிரி இருக்கு. வாடக்காத்து அடிக்கிறப்ப கடல் இப்படியா இருக்கும்? நிறமே மாறிருமே’ன்னேன். அவன் மொகம் ஒரு மாதிரி ஆச்சு. ‘கரெக்ட்தான்க்கா’ன்னான். அந்த விஷயத்துல என்ன விட்டா அங்க யாருக்குத் தெரியும்?

இடையில ஒரு சீரியல் வந்துச்சு எனக்கு. மாமியார் குரல், தெனமும் வேல, வருஷக்கணக்கா ஓடும்னாங்க. நிகிலன்கிட்ட சொன்னேன். ‘வேண்டாம்க்கா. நாச்சி குரல் முதல்ல கேம்லதான் கேக்கணும். தெனம் டிவில கேட்டுட்டா புதுசா இருக்காது. கேம் வந்ததுக்கப்புறம் பாருங்க, உங்களத் தேடி வருவாங்க’ன்னான். விட்டுட்டேன். அந்த வேலைய யார் எடுத்துக்கிட்டாங்கன்னு நெனைக்கிற? தில்லை. நான் வேண்டாம்னு விட்டத ஓடிப்போய்ப் பிடிச்சுக்கிட்டா. கேட்டப்ப எனக்கு எப்படியிருந்திருக்கும்?

முறுக்கு எடுத்துக்க. வழிக்குன்னு வீட்ல செஞ்சதுதான், எடும்மா.

பொங்கலுக்கு வரும்னாங்க கேம். அதுக்கு முன்னாடி ஒரு காலேஜ் அரங்கத்துல சின்ன விழா வெச்சாங்க, டிரெய்லர் போட. எனக்குப் பட்டுச்சேல கட்டணுமா வேண்டாமான்னே தெரியல. கட்டிட்டுப் போனேன். அங்க பூராவும் ஜீன்ஸ் போட்ட பிள்ளைங்க. லைட் அணைஞ்சுச்சு. இருட்டுல கடல் சத்தம். ஒண்ணுமே தெரியல. அப்புறம் என் குரல், மெதுவா: ‘என் தோணிய அவுத்தது எவம்ல?’

கூரை பிச்சுக்கிட்டுப் போச்சும்மா. பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு திருப்பிக் கத்துறாங்க, ‘எவம்ல! எவம்ல!’ன்னு. எந்த இழுவைக்கு இருபது வருஷம் சிரிச்சாங்களோ, அத நாகர்கோவிலும் தெரியாத, தூத்துக்குடியும் தெரியாத மெட்ராஸ் பிள்ளைங்க கத்துறாங்க. நிகிலன் என்ன மேடைக்கு இழுத்துட்டுப் போய், ‘இவங்கதான் நாச்சி’ன்னான். எனக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கு எத்தன பேரு என்கூட நின்னு போட்டோ எடுத்தாங்க தெரியுமா? அந்த ராத்திரி தில்லைகிட்டருந்து ஒரு மெசேஜ். ‘டிரெய்லர் பாத்தேன். நல்லாப் பேசியிருக்க ஜெசி.’ நான் பதில் போடல. வயித்தெரிச்சல்ல அனுப்புனதுக்கு என்ன பதில் போட?

பொங்கலுக்கு வரல. சித்திரைக்குன்னாங்க. சித்திரைக்கும் வரல, தீபாவளின்னாங்க. அந்த தீபாவளியும் போச்சு. எப்பக் கேட்டாலும், ‘தண்ணி சரியா வரலக்கா. கடலத் திரும்ப மொதல்லருந்து செய்றோம்’ம்பான். என்னடா தண்ணி? ஒரு தண்ணிக்காக ஒரு வருஷம் ஒருத்தன் உக்காந்திருப்பானா? விளையாடுற பிள்ள தண்ணியவா பாக்கப்போகுது? எவன் இவங்களுக்கு இப்படி யோசன சொன்னான்னே தெரியல. ஊர்ல எங்கம்மா போன் பண்ணும்போதெல்லாம், ‘எப்ப வருது, எப்ப வருது’ன்னு கேக்கும். கோயில் திருவிழாவுல மைக்கிலயே சொல்லிட்டாங்க, நம்ம ஊர்ப் பிள்ள கதாநாயகியாப் பேசியிருக்குன்னு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்? ரெண்டு திருவிழா போகவே இல்ல.

அப்புறம் ஒரு ஆடி மாசம் நிகிலன் கூப்பிட்டான். ‘இன்னும் கொஞ்சம் ரெக்கார்டிங் இருக்குக்கா.’ எனக்கு உசுரு வந்துச்சு. போனேன். ஆபீஸ்ல முன்ன மாதிரி ஆளுங்க இல்ல. ‘எல்லாரும் எங்க தம்பி?’ன்னேன். ‘வீட்லருந்து வேல பாக்குறாங்க’ன்னான். ஒரு வாரம் படிச்சேன். இந்தத் தடவ சாவு இல்ல, சண்ட இல்ல. செய்தித்தாள்ல வர்றது, சமையல் குறிப்பு, நம்பருங்க, தெருப்பேருங்க. ஒவ்வொண்ணயும் சந்தோஷமா ஒரு தடவ, கோவமா ஒரு தடவ, அழுதுக்கிட்டு ஒரு தடவ. ‘ஊர் இழுவ இல்லாமப் பேசுங்கக்கா’ன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ‘நாச்சி ஏன் தம்பி “உங்கள் பார்சல் வந்துவிட்டது”ன்னு சொல்றா?’ன்னு கேட்டேன். சிரிச்சான். ‘டெஸ்டிங்க்கா’ன்னான். என் மொகத்தப் பாக்காமச் சொன்னான். அப்பத் தெரியல. இப்பத்தான் ஞாபகம் வருது, என் மொகத்தப் பாக்கல அவன்.

கொஞ்ச மாசம் கழிச்சு சேவியர் போனக் கொண்டுவந்து நீட்டினார். ‘நெய்தல் நாச்சி கைவிடப்பட்டது.’ அவ்வளவுதான், ஒரு வரி. கீழ பிள்ளைங்க எல்லாம் அழுற பொம்ம போட்டிருந்தாங்க. என்கிட்ட ஒருத்தரும் சொல்லல. கேமோட கதாநாயகி நான், ரோட்ல போறவங்களுக்குத் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது.

ஆட்டோ பிடிச்சுப் போனேன். வாசல்ல ஒரு மினிலாரி, நாற்காலிங்கள ஏத்திக்கிட்டிருக்காங்க. நிகிலன் தரையில உக்காந்து வயரச் சுத்திக்கிட்டிருந்தான். திட்டணும்னுதான் போனேன். வழி பூராவும் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டுப் போனேன். என்னப் பாத்ததும் அவன் எந்திரிச்சான். அழுதுட்டான். சின்னப்பிள்ள மாதிரி.

‘பணம் போட்ட ஆளு கைய எடுத்துட்டாருக்கா. இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாரு. நான் ஹைதராபாத்ல வேலக்குப் போறேன்.’

‘எப்ப தெரியும் தம்பி உனக்கு?’

‘இப்பத்தான்க்கா. இப்பத்தான்.’

நான் அவனத் தேத்துனேன்மா. நான். தோள்ல தட்டி, ‘விடு தம்பி, இன்னொண்ணு செய்வ. அப்பவும் அக்காவக் கூப்பிடு, வந்து சாவுறேன்’னேன். அவனும் அழுதுக்கிட்டே சிரிச்சான். வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொன்னேன், அவனுக்காக.

இதோட முடிஞ்சிருந்தா நான் உன்கிட்ட இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். விதின்னு விட்டிருப்பேன்.

போன மாசி மாசம். சாயங்காலம் தேங்கா துருவிக்கிட்டிருக்கேன், போன் அடிக்குது. பாத்தா தில்லை. எத்தன வருஷம் கழிச்சு! எடுத்தேன்.

‘ஜெசி, நீ எப்பருந்து சீரியல் பேசுற?’

‘எந்த சீரியல்? நான் எதுவும் பேசலயே.’

‘பொய் சொல்லாத. எனக்கு மூணு வாரமா போனே வரல. கேட்டா, வேற ஏற்பாடு பண்ணிட்டோம்னாங்க. இப்ப டிவியப் போடு.’

போட்டேன். தில்லை பேசிக்கிட்டிருந்த அதே மாமியார் வர்றா, கைய ஆட்டி மருமகளத் திட்டுறா. என் குரல்ல திட்டுறா. நான் சொல்லாத வார்த்தம்மா அதெல்லாம். நான் அந்த வசனத்தப் பாத்ததே இல்ல. ஆனா நான்தான். கோவத்துல மூச்ச இழுக்கிறேன் பாரு, அது என் இழுப்பு. ஊர் மட்டும் இல்ல அதுல. துடைச்சு எடுத்த மாதிரி, எந்த ஊர்க்காரியும் இல்லாம, நான்.

இப்பல்லாம் அப்படி வந்துருச்சாம். ஒருத்தர் குரலக் கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் எத எழுதிக் குடுத்தாலும் அந்தக் குரல்ல அதுவே பேசிருமாம். ஆளே வேண்டாமாம். அந்த ஒரு வாரம் நான் படிச்சது அதுக்கு. பார்சல், தெருப்பேரு, அழுக, சிரிப்பு எல்லாம்.

நிகிலனுக்குப் போன் அடிச்சேன். அஞ்சாறு தடவ அடிச்சப்புறம் எடுத்தான்.

‘நாச்சிய எங்கடா வித்த?’

அவன் சொன்னான்: ‘அப்பவே கேம் முடிஞ்சிருச்சுக்கா. ஆடிக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. பசங்களுக்குச் சம்பளம் குடுக்கணும். கையில வேற ஒண்ணும் இல்ல. உங்க குரல் ஒண்ணுதான் விலை போச்சு.’

‘அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?’

‘சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்கக்கா.’

அதச் சொல்லிட்டான் பாரு. அதத்தான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. என் தோள்ல சாஞ்சு அழுதானே, அன்னைக்கு எல்லாந் தெரிஞ்சுதான் அழுதிருக்கான். கூடவே இருந்து, வீட்டுச் சோத்தத் தின்னு, அக்கா அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டு, எனக்கு வரவேண்டியத எனக்குத் தெரியாம இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டான். மனுஷன் செய்வானா இத?

தில்லைகிட்ட எல்லாத்தயும் சொன்னேன். நம்பினாளா இல்லையா, தெரியல. ஆனா ‘டப்பிங் சங்கத்துல போய்ச் சொல்லுவோம், ரெண்டு பேருமா’ன்னா. போனோம். செயலாளர் நல்ல மனுஷன், முழுசாக் கேட்டார். ‘எதுலயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?’ன்னார். எதுலயும் இல்ல, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்னேன். தலையத் தடவிக்கிட்டார். ‘சேனல்ல பேசிப் பாக்குறேன். ஆனா இது மொத கேஸு, உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது’ன்னார். தில்லை சொன்னா, ‘என் வேல போனது போகட்டும் சார். இவ குரல இவளக் கேக்காம எடுத்தது தப்பு. அத எழுதிக்கோங்க.’ எனக்காகப் பேசினா. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அவ முடியெல்லாம் நரைச்சிருந்துச்சு. ஸ்கூட்டிய வித்துட்டாளாம், பஸ்லதான் வந்திருந்தா.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னோம். டீ வாங்கிக் குடுத்தா. இனி எல்லாம் பழையபடி ஆயிரும்னு நெனச்சேன். ஊருக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும், அம்மாவக் காட்டணும்னெல்லாம் நெனச்சுக்கிட்டிருக்கேன். அப்பக் கேக்குறா:

‘ஜெசி, அன்னைக்கு நான் அந்த ரூம்பு கதவத் தொறந்து வெளிய வந்தேன். நீ என் பக்கத்துலயே உரசிக்கிட்டு உள்ள போன. ஏன்டி என் மொகத்தப் பாக்கல?’

என்னன்னு சொல்ல? எப்பேர்ப்பட்ட அநியாயம் நடந்திருக்கு எனக்கு, அதப் பேசாம, என்னைக்கோ ஒரு வராந்தாவுல நான் பாத்தேனா பாக்கலையாங்கிறா. உள்ள கூப்பிட்டாங்க, போனேன். கையில போன் இருந்துச்சு, கேஸ்காரன் கோவம் வேற. ‘எனக்கு ஞாபகம் இல்ல தில்லை’ன்னேன்.

‘எனக்கு ஞாபகம் இருக்கு’ன்னா. கோவமாச் சொல்லல. சாதாரணமாச் சொன்னா. கிளாஸ கடைக்காரர்கிட்ட குடுத்தா.

பஸ் வந்துச்சு. ஏறிட்டா. கூட்டமில்ல, ஜன்னலோரமா எடம் கிடைச்சு உக்காந்துட்டா. நான் கீழயே நின்னேன். சிக்னல் விழுந்து பஸ் அங்கயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. நான் கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன், இந்தா இப்பப் பாப்பா, இப்பப் பாப்பான்னு. நேராப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. பஸ் போயிருச்சு.

பத்து வருஷப் பழக்கம்மா. நீயே சொல்லு. ஒரு தடவ என் பக்கம் திரும்பிப் பாத்திருந்தா அவளுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?